ஐயா உடைத்த கதிரை

“அண்டைக்கு நான் அந்தக் கதிரையை உடைச்சது பிழையோ, பிள்ளை?”

இத்தாலியில், பலெர்மோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எங்கள் தந்தையார் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவரை நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. கதிரையின் கதை எங்கள் ஊரவர்களுக்குத் தெரியும். தெரியாத நண்பர்களுக்காகவும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஒரு சிறு தீவில், வெள்ளைக்காரர் ஆட்சியில் ஐயா பிறந்தார். அந்தக் கரையில் ஆழமில்லை. முழங்கால் அளவு தண்ணீர், அதன் அடியில் சேறு. வள்ளங்கள் தூரத்திலேயே நின்றுவிடும். ஐயாவின் தமக்கையார் பிரசவ வலியோடு வள்ளத்தை எட்ட முடியாமல் கரையிலேயே கண்மூடினார்.

இறங்குதுறை கட்டித்தரும்படி ஊரார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அரசாங்கத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊரின் மரியாதை என்பதை முதலில் கண்டுகொண்டவர் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க அதிபரான ஏசண்டர் துரை பார்வையிட வரும்போதெல்லாம், அவரைக் கதிரையில் இருத்தி, தோளில் தூக்கி, ஒரு துளி சேறு படாமல் கரைசேர்ப்பது வழக்கம். துறை வேண்டும் என்று ஊரார் சொன்னால், “எனக்கு இறங்குவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லையே” என்பாராம் துரை. இதை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை, தீவுப் பாடசாலையில் புதிதாக ஆசிரியரான ஐயாவுடையது.

அடுத்த முறை துரையின் வள்ளம் தெரிந்ததும் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கதிரையைத் தேடினார்.

“தம்பி, கதிரை எங்கை?”

“கால் முறிஞ்சு போச்சுது, விதானையார்.”

“நேத்து நல்லா இருந்ததடா.”

“ஓம். விடியத்தான் முறிச்சனான்.”

“பாவி, துரையின்ரை சப்பாத்து நனைஞ்சா என்ரை உத்தியோகம் போயிடும்.”

“சப்பாத்து நனையாமல் துறை வராது. துரைக்குப் போடுற மாலையை மட்டும் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

துரை சேற்றில் இறங்கி நடந்தார். ஒரு சப்பாத்து சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று அவர் இளநீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே கல்லால் ஆன துறைக்கும் ஒரு மோட்டார் லோஞ்சுக்கும் அரசாங்கம் பணம் ஒதுக்கியது. துறைக்குப் போகும் பாதைக்கு நிலத்தை ஊராரே கொடுக்க வேண்டும் என்றார்கள். ஐயா தன் பங்குக்கு வந்த பனங்காணியை எழுதிக் கொடுத்தார். விதானையாரின் உத்தியோகமும் போகவில்லை. துறை திறந்த நாளில் முன்வரிசையில் நின்றவர் அவர்தான்.

பல ஆண்டுகள் கழித்து, என் தாயாருக்கு வலி கண்டபோது அந்தத் துறையிலிருந்து லோஞ்சில் ஏற்றி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே பிறந்தவள் நான்.

போர் வந்தபோது படையினரின் ஆயுதப் படகுகளும் அதே துறையில்தான் வந்து கட்டின. பழைய சேற்றுக் கரையில் அவை கரைசேர்ந்திருக்க முடியாது. ஊரார் தீவின் மறுபக்கத்தால் வெளியேறினார்கள். அந்தப் பக்கம் இன்னமும் சேறுதான். முதுமையில் சேற்றில் நடக்க இயலாத ஐயாவைக் கதிரையில் இருத்தி, இளைஞர்கள் தோளில் தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். கரையைத் திரும்பிப் பார்க்காமல் வந்தார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு, நாங்கள் முன்பே குடியேறியிருந்த பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்களோடு இருந்தார். நான் என் இத்தாலிய எசமானியான சின்யோரா வீட்டு வேலைக்குப் போகும்போது மகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாப்போலியிலிருந்து வரும் கப்பலைப் பார்க்க எங்களோடு துறைமுகத்துக்கு வருவார். கார்களும் சனங்களும் கால் நனையாமல் இறங்குவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

“பாருங்கோ மாமா, இஞ்சை ஆரும் சேத்துக்குள்ளை இறங்கேல்லை,” என்று என் கணவர் ஒருநாள் பகிடியாகச் சொன்னார்.

“இஞ்சையும் முந்தி ஆரோ ஒருத்தன் கதிரையை உடைச்சிருப்பான்,” என்றார் ஐயா.

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதனால் அவர் மனதில் பாரமில்லை என்றே நினைத்திருந்தேன்.

கடைசி நாட்களில் ஒருநாள், மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அவருடைய அஸ்தியை எந்தக் கடலில் கரைப்பது என்று கேட்டேன். முதலில் எழுதிய அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். பிழை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தத் துறை இல்லாவிட்டால் நான் உயிரோடு பிறந்திருப்பேனோ தெரியாது. பிழையில்லை என்றால், ஊரை இழந்தவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது? “இப்ப படுங்கோ ஐயா, பிறகு கதைப்பம்,” என்றேன். பிறகு அவர் கதைக்கவில்லை.

ஐயாவின் நோய்க்காலத்தில் ஆஸ்பத்திரியில் முறைவைத்து இருந்த ஒரேத்தோத் தெரு உறவினர்களுக்கும், பத்திரங்களுக்காக எங்களோடு கொஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் காத்து நின்ற அன்பர்களுக்கும், சம்பளத்தைக் குறைக்காமல் லீவு தந்த சின்யோராவுக்கும், நாங்கள் சைவர்கள் என்று பாராமல் மண்டபமும் கதிரைகளும் தந்துதவிய கத்தோலிக்கப் பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஐயாவின் அஸ்தி இன்னும் பலெர்மோ மயானத்திலேயே இருக்கிறது. வெளியே எடுப்பதானால் எங்கே கொண்டுபோகிறோம் என்று சொல்ல வேண்டும். இப்போது அங்கே நிற்கும் படையினருக்கு எழுதிக் கேட்டால் அந்தத் துறைக்குப் போக அனுமதி கிடைக்கும் என்கிறார் கொழும்பிலிருக்கும் அண்ணா. யாரிடமும் அனுமதி கேட்டு ஐயா அங்கே போகக் கூடாது, அமைதி வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்கிறார் என் கணவர். பகலில் அண்ணா சொல்வது சரியாகப் படுகிறது. மகளை நித்திரையாக்கும் நேரத்தில் கணவர் சொல்வதே சரியென்று தோன்றுகிறது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் எங்கள் ஊரவர்களே, அந்தத் துறையில் லோஞ்சு ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்களும் நீங்கள்தான். அதே துறையால் வந்த படகுகளுக்குப் பயந்து ஊரை விட்டவர்களும் நீங்கள்தான். திவசச் சாப்பாடு முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். ஐயாவை அந்தத் துறைக்குக் கொண்டுபோகலாமா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.