கெடாரிஃப் சாலையில் ஒரு மின்பம்ப்

உள்நாட்டுப் போரில் மதனி நகருக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்த அன்று, டாக்ஸி ஓட்டும் பாபிகர் தன் பழைய மஞ்சள் காரில் மனைவி நிஃமாத்தையும் மாமனார் தாஜுஸ்ஸிரையும் ஏற்றிக்கொண்டு, சண்டை எட்டாத கெடாரிஃப் நகருக்குக் கிளம்பினான். கிழவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. மதனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நின்றுபோயிருந்தது. முகம் ஊதி, மூச்சிரைக்கப் பின்சீட்டில் கிடந்தார்.

பாதி வழியில் கார் திணறி நின்றது. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. கைகாட்டியும் எந்த வண்டியும் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கூரைவரை ஆட்கள்.

சற்றுத் தள்ளி யாரோ விட்டுப்போன புதிய கார் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பாபிகர் அதன் மின்பம்பையும் குழாய்களையும் கழற்றி வந்து, தன் டாங்க்குக்குக் கீழே கட்டி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தான். பம்ப் ஓடியதுதான் தாமதம், கார்புரேட்டர் பொங்கிப் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் கொட்டியது.

"ஒயரப் பிடுங்கு நிஃமாத்! பிடுங்கு!"

பிடுங்கினாள். "எங்கள உசுரோட கொளுத்தப் பாக்குறியா?"

"இது புது வண்டிப் பம்பு. இவ்வளவு அழுத்தத்த நம்ம கார்புரேட்டர் தாங்காது." மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"மருமவனே, என்னை இங்கயே விட்டுரு. அவளக் கூட்டிட்டு நட" என்றார் கிழவர்.

"சும்மா கெடங்க மாமா."

"எந்திரி. அழுது முடிக்கிற வரைக்கும் அப்பா தாங்கமாட்டாரு" என்றாள் நிஃமாத்.

எழுந்தான். பம்பிலிருந்து வரும் குழாயை வெட்டி, கவிழ்ந்த காரில் கிடைத்த மூவழி இணைப்பைச் செருகினான். ஒரு கிளை எஞ்சினுக்கு. இன்னொன்று, மிஞ்சும் பெட்ரோல் டாங்க்குக்கே திரும்ப. திரும்பும் குழாயில் அதை நெரிக்கத் திருகுப்பட்டி ஒன்றைப் போட்டு நிஃமாத்திடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தான்.

"பட்டிய இறுக்கினா திரும்புறது கொறஞ்சு எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறும். பொங்குச்சுன்னா உடனே தளர்த்து."

எஞ்சின் ஈரம் காயும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவன் முன்னால் குனிந்து கத்த, அவள் பின்னால் வண்டிக்கடியில் படுத்தபடி திருகினாள்.

"இறுக்கு... இன்னும்... ஐயோ, விடு! ஆ, அப்படியே வையி!"

எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேகம் கூட்டினால் பெட்ரோல் போதாமல் திணறியது. ஊர்ந்தே போனார்கள். வழியெல்லாம் நிஃமாத் ஒயரைக் கையில் பிடித்திருந்தாள், பெட்ரோல் வாடை வந்தால் பிடுங்க. பொழுது சாயும்போது கெடாரிஃப் ஆஸ்பத்திரி வந்தது.

மறுநாள் மதியம் கிழவருக்கு டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நோயாளிகள் அதிகம், இயந்திரங்கள் குறைவு, வாரத்துக்கு ஒருமுறைதான். குளிர்காலம் முடியுமுன் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. கெடாரிஃபிலேயே அடக்கம் செய்துவிட்டு, இருவரும் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள்.