பெஸ்னிக்கின் நாடும் என் மகளின் கலியாணமும்

செப்டெம்பர் பிறந்தால் எங்கள் மாடிப்படிகளில் கருகிய மணம் ஏறும். ஒஸ்லோவின் ரொம்சோஸ் குன்றின்மேல் நிற்கும் இந்த அடுக்குமாடியில் நான்காம் மாடிக் கதவைத் திறந்ததும் அது மூக்கில் வந்து குந்திக்கொள்ளும். தோல் பொசுங்கிய பப்ரிக்கா என்ற சிவப்புக் குடைமிளகாய், அதன் அடியில் ஒரு இனிப்பு, அதற்கும் அடியில் புகை. முதன்முறை அந்த மணம் வந்தபோது என் உடம்பு செத்தல் மிளகாய் வறுபடும் தாச்சியை நினைத்துக்கொண்டது. அடுத்து தும்மல் வரவேண்டும், தொண்டை கமறவேண்டும், யாராவது யன்னலைத் திறக்கச் சொல்லிக் கத்தவேண்டும். ஒன்றும் வரவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நினைவு படிக்கட்டிலேயே நின்றது.

கதவு தட்டப்பட்டது. வக்ட்மேஸ்டர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோர்வேஜியர். முந்திய குளிர்காலத்தில் என் மனைவி வதனி கறித்தூளுக்கு மிளகாய் வறுத்து, புகை மணி அடித்து, முழுக் கட்டடமும் பனியில் இறங்கி நின்றது. அதனால் மனிதர் நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

“மறுபடியும் மிளகாயா?”

“நானில்லை.”

“நீதான். மணக்கிறதே.”

அவரைக் கையோடு மூன்றாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல்கனியில் ஒரு நெடிய மனிதர் சின்ன அடுப்பின்முன் குந்தியிருந்து பப்ரிக்காவைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு பப்ரிக்காக்களின் தோலை உரித்து, உப்புத் தூவி, ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்தார். வக்ட்மேஸ்டர் தின்றார். நானும் தின்றேன். விசாரணை அத்துடன் முடிந்தது. கொசோவோவிலிருந்து போர்க்காலத்தில் வந்த தச்சுவேலைக்காரர் பெஸ்னிக் எனக்கு அறிமுகமானது இப்படித்தான்.

அவருடைய மகன் அர்பேனும் என் மகள் ஆரணியும் ஒரே மணல்பெட்டியில் விளையாடினார்கள், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பிறகு எங்கள் இருவருக்கும் தெரியாமல் வேறு எங்கெங்கோவும் போனார்கள். போன தையில் வந்து, கலியாணம் செய்யப்போகிறோம் என்றார்கள். பெஸ்னிக் என்னைக் கட்டிப்பிடித்துத் தன் மொழியில் “குருஷ்க்” என்றார். சம்மந்தி என்றுதான் அர்த்தமாம். நாங்கள் இருவரும் கதைப்பது நோர்வேஜிய மொழியில். அதில் இந்த உறவுக்கு ஒரு சொல் இல்லை. இங்கே அவர் சொன்னதையெல்லாம் நான் என்னுடைய யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். என் காதுக்குள் அவர் அப்படித்தான் கதைக்கிறார்.

சேர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை நோர்வே ஒரு நாடாக ஏற்றுக்கொண்ட நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்ட என் நண்பன் யோகன் அப்போது பக்கத்துக் கட்டடத்தில் இருந்தான். செய்தியைக் கேட்டதும் ஓடிவந்தான். “மச்சான், அடுத்தது நாங்கள்தான்!” இருவருமாகக் கேசரி கிண்டினோம், முந்திரிகை வற்றல் அள்ளிப் போட்டோம், தட்டை ஏந்திக்கொண்டு பெஸ்னிக்கின் கதவைத் தட்டினோம். உள்ளே பாட்டும் அழுகையுமாக ஒரே கூட்டம். வாசலில் கண் கலங்கி நிற்கும் இரண்டு தமிழர்களை பெஸ்னிக் விளங்காமல் பார்த்தார். பிறகு சந்தோசமாகக் கேட்டார்.

“உங்கட நாடும் எங்களை ஏற்றுக்கொண்டிட்டுதோ?”

யோகன் என்னைப் பார்த்தான். நான் கேசரியைப் பார்த்தேன். எங்கட நாடு எது? நான் பிறந்த தீவின் அரசு பெஸ்னிக்கின் நாட்டை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. பிரிந்துபோகிற ஒன்றுக்குத் தலையாட்டினால் தன் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்ற பயம். அந்தப் பயத்தின் பெயர் நாங்கள். பெஸ்னிக்குக்கு இதை எந்த முனையிலிருந்து தொடங்கிச் சொல்வது? “இன்னும் இல்லை, ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டிட்டம்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வருடம் வைகாசியில் எங்கள் பக்கம் எல்லாம் முடிந்துபோனது. அந்தக் கிழமை ஒரு மாலை அவர் கீரை வைத்துச் சுட்ட பூரெக் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார், என் கையில் தந்தார், படியிறங்கிப் போனார்.

கலியாணத்தை ஒஸ்லோவிலேயே வைத்திருக்கலாம். கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. ஆனால் என் அக்கா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. சிறுநீரகம் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவவைக் கொழும்புவரைகூடக் கொண்டுபோக ஏலாது. “மாமி பாக்காமல் நான் தாலி கட்டமாட்டன்” என்று ஆரணி சொல்லிவிட்டாள். “தாலி கட்டுறது அவன்தானேடி” என்றாள் வதனி. முகூர்த்தம் நல்லூரில் என்று முடிவானது.

அர்பேனிடமும் அவன் தாயிடமும் என்னைப்போல நோர்வேக் கடவுச்சீட்டு. பெஸ்னிக்கிடம் கொசோவோ கடவுச்சீட்டு மட்டும். நோர்வேக் குடியுரிமைக்குப் பழையதைத் துறக்கவேண்டும் என்றிருந்த காலத்தில், வாழ்நாளின் பாதிக்குப் பிறகு கிடைத்த ஒன்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார். இரண்டும் வைத்திருக்கலாம் என்று சட்டம் மாறியபோது, அவசரம் என்ன என்றிருந்தார். இப்போது அவசரம் வந்துவிட்டது, முடிவுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இலங்கை விசாவுக்கு என்ன செய்வது என்று கேட்டால் ஒருவர் முடியும் என்கிறார், இன்னொருவர் அந்த நாட்டின் பெயரே அங்கே இல்லை என்கிறார், மூன்றாமவர் கொழும்புக்கு எழுதச் சொல்கிறார். எழுதினோம். மறுத்தார்கள் என்றும் சொல்லமுடியாது. பதிலே வரவில்லை. இல்லாத நாட்டிலிருந்து வருகிற ஒருவருக்கு யார்தான் எப்படிப் பதில் எழுதுவார்கள்?

இரவும் பகலும் எனக்கு ஒரே குழப்பம். என் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் தகப்பன் வரமுடியாமல் இருக்கிறார் என்றால், ஒருவகையில் அதற்குக் காரணம் நாங்கள்தானே? எங்களுக்குப் பயந்து பூட்டிய கதவில் அவரல்லவா முட்டிக்கொண்டு நிற்கிறார்?

எனக்கு விமான ரிக்கற் போட்டுத் தருகிற தம்பி ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். “அண்ணை, ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? கொசோவோ ஆக்கள் சேர்பியாப் பாஸ்போட்டும் எடுக்கலாமாம். சேர்பியா அவையளைத் தன்ர ஆக்கள் எண்டுதானே சொல்லுது. ஒருக்கா எடுத்துப் போயிட்டு வந்து மேசை லாச்சிக்குள்ள போட்டுவிடச் சொல்லுங்கோ.” எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அன்று மாலையே பல்கனிக்குப் போனேன். பெஸ்னிக் பப்ரிக்கா சுட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு கடதாசிதானே குருஷ்க்” என்று முடித்தேன்.

புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அடுப்பில் கிடந்தது கருகிக் கரியாகும்வரை அவர் அதை எடுக்கவில்லை. பிறகு எழும்பி உள்ளே போனார், கதவைச் சாத்தினார். பல்கனியில் நானும் புகையும் மிஞ்சினோம்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வதனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு என்ன விசரே? அந்தாளைப் போய்ச் சேர்பியாக்காரன் எண்டு எழுதச் சொன்னனீங்களே?”

“நாங்கள் என்ன செய்தனாங்கள்? சிங்கம் போட்ட பாஸ்போட்டிலதானே வெளிக்கிட்டனாங்கள்?”

“அதைத்தான் சொல்லுறன். எங்களுக்குப் பழகிப்போச்சு. அந்தாளுக்குப் பழகேல்லை.”

அவள் சொன்னது அன்றிரவு முழுதும் என்னோடு படுத்திருந்தது. எங்களுக்குப் பழகித்தான் போய்விட்டது. நான் கொழும்பைவிட்டு வெளிக்கிட்டது என் கடவுச்சீட்டில். மொஸ்கோவைத் தாண்டியது முகம் மட்டும் கொஞ்சம் என்னைப்போல இருந்த வேறொருவனின் கடவுச்சீட்டில். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் என் பெயரை உச்சரிக்க முடியாமல் மேற்பார்வையாளர் சூட்டிய பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். என் கலியாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் வரமுடியவில்லை. பாதை இல்லை, போர். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ஒரு தமிழ் அண்ணரும் அவர் மனைவியும் பெற்றோரின் இடத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் புலம்பெயர்ந்த தமிழர் பலருடைய கலியாணங்களில் இதுதான் வழக்கம். சித்தப்பா இல்லையென்றால் ஒரு யோகன், தகப்பன் இல்லையென்றால் ஒரு அண்ணர். இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, யாராவது இருக்கவேண்டும். அப்படி இருத்தி இருத்தித்தான் இந்தக் குளிரில் ஒரு சமூகத்தைக் கட்டினோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் அண்ணரின் காலில் விழுந்து எழும்பியபோது அவர் கையில் மணந்த மீனும் சவர்க்காரமும் என் அப்பாவின் மணமில்லை என்று மூக்கு சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குறைவா அது, நிறைவா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்து பெஸ்னிக்கே மேலே வந்தார். வதனி தேத்தண்ணி வைத்தாள். சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“எல்லையில சேர்பியாக்காரர் எங்களை வரிசையில விட்டவங்கள்” என்றார். “தாண்டவேணுமெண்டால் கடதாசிகளைப் போட்டிட்டுப் போகச் சொன்னாங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எல்லாம். ரோட்டில ஒரு குவியல். என்ர மனுசி அர்பேனைத் தூக்கி வைச்சிருந்தவ. நான் குவியலில போட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் நடந்தனான். இனித் திரும்பி வந்தாலும் நீ ஆரெண்டு நிரூபிக்க ஏலாது எண்டு சொல்லத்தான் அவங்கள் அதைப் பறிச்சவங்கள். இப்ப போய் அவங்களிட்டையே ஒண்டு தா எண்டு கேக்கச் சொல்லுறீர்.”

“நான் அப்பிடி யோசிக்கேல்லை.”

“தெரியும். நீர் என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் யோசிச்சனீர்.”

வதனி பேச்சை மாற்றினாள். நல்லூர் ஐயர் மாப்பிள்ளை வீட்டின் கோத்திரம் கேட்டிருந்தார். இல்லையென்றதும், “பரவாயில்லை பிள்ளை, தெரியாத எல்லாருக்கும் சிவகோத்திரம்தான்” என்றுவிட்டார். கோத்திரம் என்றால் என்னவென்று நான் விளக்கினேன்.

பெஸ்னிக் கோப்பையை வைத்தார். “சிவன் எங்களை ஏற்றுக்கொண்டிட்டாரோ?”

“முழுசா” என்றேன்.

“கொழும்பு ஏற்கேல்லை, சிவன் ஏற்றுக்கொண்டிட்டார். அவருக்கு வெளிநாட்டமைச்சர் இல்லையோ?”

“இல்லை. மனுசிதான்.”

“அப்ப சரி” என்று வதனியைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து பதில் வரும் என்று நாங்கள் மூவரும் நம்புவதுபோல் இன்னும் கொஞ்சநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

பயண நாள் காலை கார்டமூன் விமான நிலையத்துக்கு எங்கள் எல்லோரையும் தன் வேலை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது அவர்தான். பின்னுக்கு மரத்தூளின்மேல் கூறைப்புடைவைப் பெட்டி. அர்பேனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார், பிறகு அவிழ்த்துவிட்டு, “விமானத்தில இது எதுக்கு?” என்றார். மனைவியிடம் தன் மொழியில் ஏதோ சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே போனாள்.

நான் கையிலிருந்த சிவப்புக் கடவுச்சீட்டைப் பார்த்தேன். நான் பிறந்த ஊருக்கு என்னை உல்லாசப் பயணி என்று எழுதி முப்பது நாள் தந்திருக்கிறார்கள். தன் நாட்டை விடாதவர் இங்கே நிற்கிறார், தன் நாடு எதுவென்று சொல்லத் தெரியாத நான் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகிறேன். இதில் எது யாருடைய தண்டனை?

“ஐயர் கையைப் பிடிச்சுக் குடுக்கிறபோது” என்றார் பெஸ்னிக், “மாப்பிள்ளையின்ர தகப்பன் பக்கத்தில இருக்கவேணும் எண்டு சொன்னனீர்.”

“ஓம்.”

“என்ர இடத்தில ஆர் இருக்கிறது?”

“யோகன். உமக்குத் தெரியும்தானே. அவனும் வாறான். ஐயரிட்டையும் சொல்லிப்போட்டன்.”

“கேசரி கொண்டுவந்த யோகன்.”

“ஓம்.”

“நல்ல மனுசன்.” பின்னாலிருந்து யாரோ தங்கள் தள்ளுவண்டியால் என் காலில் இடித்து மன்னிப்புக் கேட்டார்கள். பெஸ்னிக் என் தோளில் கை வைத்தார். “ஆனா வேண்டாம். ஒருத்தரையும் இருத்தாதையும்.”

“ஐயர் விடமாட்டார். இடம் வெறுமையா இருந்தால் கூடாது எண்டுவார்.”

“அது வெறும் இடமில்லை. நான் அங்கை இருப்பன். அவையளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். போம், வரிசை நகருது.”