தூணில் கட்டிய ‘ப’

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை சரிந்து கிடந்த நாட்களில், மலாயாவில் காப்பாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். தோட்டத்துப் பள்ளியின் வாத்தியார் திடீரென்று ஊருக்குக் கப்பலேறிவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை உன் பெண்சாதி பார்த்துக்கொள்ளட்டும் என்று துரை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். இப்படித்தான் நான் டீச்சரம்மா ஆனேன்.

பள்ளி என்றால் பலகை அடித்த ஒரு கொட்டகை, நடுவில் ஒரு மரத்தூண், இருபத்தாறு பிள்ளைகள். முதல் நாள் அசந்துபோனேன். அ முதல் ன் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். சரி, பழைய வாத்தியார் பெரிய கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டு, கரும்பலகையில் ‘பாம்பு’ என்று எழுதினேன். பா, இம், பு என்று மூன்று துண்டாக வெட்டிப் போட்டார்கள். அது என்ன சொல் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. தோட்டம் முழுக்கப் பாம்பு, பலகையில் மட்டும் அதை அடையாளம் தெரியவில்லை!

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று சேர்ந்தே வரும் எழுத்துகளைப் பலகைத் துண்டுகளில் எழுதி, கயிறு கோத்து, பிள்ளைகளின் கழுத்தில் மாட்டிவிட்டேன். நான் ஒரு சொல்லைச் சொல்வேன். அந்தச் சொல்லில் இருக்கும் ஜோடி ஓடி வந்து கைகோர்த்து, இரண்டு பேரும் ஒரே மூச்சில் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். ‘பாம்பு’ என்றால் ‘ம்’ போட்ட பிள்ளையும் ‘ப’ போட்ட பிள்ளையும் வர வேண்டும். ஒரே வாரத்தில் சொற்களைத் துண்டு போடாமல் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டு முற்றி, ஒருவரை ஒருவர் எழுத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். ‘ப’ போட்டவன், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் மகன், அவன் பானா. ‘ம்’ போட்டவள் ஆற்றோரத்து லயத்து வீட்டுவரிசையில் குடியிருந்த பெண், ஏழு வயது இருக்கும், அவள் இம். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

எட்டாம் நாள் பள்ளிக்கு வந்தவர்கள் ஏழே பேர். ஏழும் ஆற்றோரத்து லயத்துப் பிள்ளைகள். சற்று நேரத்தில் கங்காணி வந்து வாசலில் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார்.

“படிப்பு வேணாம்னு சொல்லல டீச்சரம்மா. கையப் பிடிக்கச் சொல்றீங்களே, அதத்தான் எங்க லயத்துல யாருக்கும் ஒத்துக்க முடியல.”

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. கங்காணி குடியிருந்த கோயில் பக்கத்து லயம் ஒரு சாதி, ஆற்றோரத்து லயம் இன்னொரு சாதி. எங்கள் வீட்டில் சாதி பேசமாட்டோம். கல்யாணம் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம். அதனால் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது முழுப் பொய்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “கங்காணியப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியாதும்மா. அடுத்த மாசம் கோலாலம்பூர்லேருந்து பரிசோதகர் வர்றாரு. ஏழு பிள்ளைய வச்சுக் காட்டினா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க. அப்புறம் அந்த ஏழும் அம்மாகூட வெளிக்காட்டு வேலைக்குத்தான் போகும், பாத்துக்கோ” என்றார்.

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே இன்னொரு வரிசைப் பலகைகள் செய்து, கோயில் லயத்துக்கு ஒரு வரிசை, ஆற்று லயத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டேன். பத்தொன்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவரையும் நோகடிக்காமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பாம்பும் சாகவில்லை, கோலும் முறியவில்லை.

ஆனால் ஆற்று லயத்தில் ஏழு பேர்தானே. மூன்று ஜோடி போக ஒருத்தி மிச்சம். அது இம். அவளுக்கு ஜோடியாகக் கொட்டகைத் தூணில் ‘ப’ பலகையைக் கட்டிவிட்டேன். “இதப் பிடிச்சுக்கிட்டு நீயே சேர்த்துச் சொல்லு” என்றேன். நான் சொல்லும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு “ம்ப” என்று தனியாகச் சொல்வாள். பிழையே வராது. நானே போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம். கரும்பலகையை விட்டு நகர முடியாதே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கங்காணியிடம் பயம், வேறொன்றும் இல்லை.

பரிசோதகர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய தமிழர், நல்ல மனிதர்தான். அன்று பார்த்துக் கோயில் லயத்து ‘ம்’ குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டான். வாசலில் கங்காணியும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரிசோதகர் தாமே சொற்களைச் சொல்ல ஆரம்பித்தார். பந்து என்றார், சங்கு என்றார், வண்டி என்றார். இரண்டு வரிசையிலும் ஜோடிகள் ஓடி வந்து கைகோர்த்துச் சொல்லின. அடுத்து அவர் “பாம்பு” என்றார்.

பானா ஓடி வந்து நடுவில் நின்றான். ஜோடி இல்லை. இம் வழக்கம்போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு அடி தூரம்தான். அவன் அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்திருந்தால் போதும். நான் குனிந்து கையிலிருந்த சாக்கட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

பானா மெல்ல நடந்து தூணின் மறுபக்கம் போய் அதைப் பிடித்துக்கொண்டான். அவன் விரலுக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அப்படியே நின்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் “ம்ப!” என்றார்கள்.

பரிசோதகர் சிரித்துவிட்டார். “கெட்டிக்காரப் பிள்ளைங்க. ஆமா, தூணுக்கு எதுக்கும்மா பலகை?”

“இடம் பத்தல சார், அதனாலதான்” என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். இம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். பாதிக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. பானாப் பயல் எவ்வளவு சரியாகப் பாடம் படித்திருக்கிறான் பாருங்கள்! தொடாமல் சேர்வது எப்படி என்று நான் வாயால் சொல்லித் தரவே இல்லை. அதையும் என்னிடம்தான் கற்றிருக்கிறான். எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன.

பள்ளி நடக்கலாம் என்று பரிசோதகர் எழுதிவிட்டுப் போனார். பிள்ளைகள் போன பிறகு தூணிலிருந்த பலகையை அவிழ்க்கப் பார்த்தேன். கூரை ஒழுகி முடிச்சு இறுகிப்போயிருந்தது. பேனாக்கத்தியால் அறுத்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர், “அதான் நல்லபடியா முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு வம்பு?” என்றார்.

மறுநாள் இரண்டாவது வரிசைப் பலகைகளை மூலையில் போட்டுவிட்டு, ‘ப’ பலகையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எந்தப் பிள்ளைக்கும் ஜோடி நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் என் பலகையை மாற்றிக்கொண்டேன். செய்தி போய்க் கங்காணி வந்தார்.

“அந்தப் பிள்ளை கையப் பிடிச்சிட்டு எம் மகன் கையையும் பிடிப்பீங்களா டீச்சரம்மா?”

“ஆமா.”

“நடுவுல கை கழுவிக்குவீங்கல்ல?”

“கழுவமாட்டேன் கங்காணி.”

அவர் தூணை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பானா வரவில்லை. அவன் பின்னால் இன்னும் நாலு பேர் வரவில்லை. பள்ளி போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். துரை கேட்டாரா, பிள்ளைகள் அழுதார்களா, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.

நான் பலகை மாட்டிக்கொண்ட அந்த முதல் நாள் இம் என்னிடம் வந்தபோது கையைச் சட்டென்று நீட்டவில்லை. “இனிமே தூண் வேணாமா டீச்சர்?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கையைப் பிடித்ததும், “ஒங்க கை சூடா இருக்கு” என்றாள். அவ்வளவுதான். நான்தான் சொல் சொல்ல மறந்து நின்றுவிட்டேன்.

பெரிய புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அந்த இரண்டு பிள்ளைகளும் நேருக்கு நேர் கைகோர்த்ததை நான் பார்த்ததில்லை, என் இரண்டு கைகளும் நடுவில் இருந்தன. பயந்தவள் நான், ஒரு மாதம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். இன்றைக்கும் யாருக்கும் நோகாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்கு நானே திருப்திப்படும்போதெல்லாம், இதில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.