சந்தனம் வைத்த இழைப்பு மிஷின்

சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் ஒரு பாம் ஷெல்டர் உண்டு. நாட்டில் சண்டை வந்தால் குடும்பத்தோடு உள்ளே போய் உட்கார அரசாங்கம் கட்டிக்கொடுத்த அறை. கனத்த இரும்புக் கதவு. சன்னல் கிடையாது. சுவரில் நினைத்த இடத்தில் துளை போடவும் கூடாது. சண்டை வராத காலத்தில் எல்லார் வீட்டிலும் அது சாமான் அறை. எங்கள் வீட்டில் என் கணவரின் சாமான் அறை. ஒரு மாதம் மிதித்துவிட்டு அவர் கைவிட்ட உடற்பயிற்சி சைக்கிள், பிறகு தேவைப்படும் என்று அவர் அடுக்கிவைத்த அட்டைப்பெட்டிகள், சக்கரம் போன சூட்கேஸ். இவற்றுக்கு நடுவில்தான் துருப்பிடித்த அந்த மிஷினைக் கொண்டுவந்து இறக்கினேன். அவர் முகத்தைச் சுளித்ததில் ஆச்சரியமில்லை.

சுங்கை காடுட் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையை மூடிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில், மழைச்சாரல் படும் இடத்தில் அது கிடந்தது. பலகையை இழைத்துச் சமமாக்குகிற மிஷின். இரண்டு வார்ப்பிரும்பு மேசைகள், நடுவில் சுழலும் கத்தி. பலகையை மேலே வைத்துத் தள்ளினால் கோணல் எல்லாம் போய்விடும். மேசை இருந்த கோலத்தைப் பார்த்தால் அது இரும்பா செங்கல்லா என்று சந்தேகம் வரும். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் பராமரிப்பு வேலை பார்த்தவள். படித்து முடித்ததும் சேர்ந்தேன். எங்கள் பிரிவையே வெளிநாட்டுக்கு மாற்றும்வரை அங்கேதான் இருந்தேன். மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்த பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மிஷினைப் பிரித்துப் பூட்டினேன். மிக்சியைப் பிரித்தேன். ஒருநாள் கதவுப் பூட்டைப் பிரித்துவைத்திருந்தபோது அவர் வேலையிலிருந்து வந்து வெளியே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மிஷினைப் பார்த்ததும் அவர், "இரும்புக்கடைக்குப் போற வழியில இங்க இறங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"கிண்டல் பண்ணாதீங்க. சரி பண்ணிட்டா எப்படி ஓடும் தெரியுமா?"

அவர் குனிந்து கத்தியைப் பார்த்தார். "இதுல விரல் மாட்டினா?"

"மாட்டாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க லா."

அன்றிலிருந்து, இடத்தை அடைக்கிறது என்று தினமும் சண்டை. வீடு வீடாக வந்து பழைய சாமான் எடுத்துப்போகும் காராங்குனி அங்கிள் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வருவார். அதற்குள் மிஷின் ஓடவேண்டும், ஓடாவிட்டால் அவர் வண்டியில் ஏற்றிவிடுவேன் என்று கணவர் சொல்லிவிட்டார். அவர் கணக்குப் பிரிவு ஆள். கெடு என்றால் கெடுதான். அந்த மிஷினும் போய்விட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

பிரிப்பதற்கே பல நாள் ஆனது. இறுகிப்போன போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, காத்திருந்து, தட்டி, திட்டி, மறுபடி எண்ணெய் விட்டேன். இரும்பிடம் காட்டுகிற பொறுமையில் பாதியை மனிதர்களிடம் காட்டியிருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். கழற்றிய போல்ட்டுகளை ஊறவைக்கத் தேக்கா சந்தைக்குப் போய்ப் புளி வாங்கினேன். பித்தளைக் குத்துவிளக்கை விளக்குகிற புளி துருவையும் விடாது. நான் அள்ளிய அளவைப் பார்த்து, "வீட்ல விசேஷமாக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். போல்ட்டுக்கு என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொட்டலத்தை நீட்டினார்.

அன்று மாலை கணவர் தஞ்சோங் பகார் ஆபீசிலிருந்து பசியோடு வந்தார். வாசலிலேயே மூக்கை இழுத்து, "ஆ, ரசம்" என்றார். நேரே போய்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே போல்ட்டுகள். மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, போய்க் கால் கழுவினார்.

கடைசியில் மேசை. மண்ணெண்ணெய் விட்டு உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, செங்கல் நிறம் போய்க் கறுப்பு வந்தது, கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது, அதற்கடியில் பளபளவென்று வெள்ளை இரும்பு. விளக்கு அதில் தெரிந்தது. தோள் விட்டுப்போயிற்று, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. சுத்தமான வார்ப்பிரும்பு நம் ஊர்க் காற்றில் ஒருநாள் தாங்காது. உடனே மெழுகு பூச வேண்டும். மெழுகு தீர்ந்திருந்தது. மறுநாள் ஆயுத பூஜை, கருவிகளைத் தொடக்கூடாது. மேசையைக் காய்ந்த துணியால் துடைத்தேன். ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைச் சுற்றி வைத்து இரும்புக் கதவைச் சாத்தினேன். ஒருநாள்தானே, தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் வீட்டில் பூஜை அவர் பொறுப்பு. பன்னீர் விட்டுச் சந்தனம் குழைப்பதில் அவருக்கு ஒரு பக்குவம் உண்டு. அவருடைய லேப்டாப், பேட்மிண்டன் மட்டை, என் ஸ்பேனர்கள், அரிவாள்மணை, மிக்சி என்று எல்லாவற்றுக்கும் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தார். மிஷினைத் தூக்கிவந்து அந்த வரிசையில் வைக்க முடியாது. நானும் கேட்கவில்லை. காராங்குனிக்குப் போகப்போகிற சாமானுக்கு யார் பொட்டு வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுண்டலைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மெழுகு வாங்கிவந்து இரும்புக் கதவைத் திறந்தேன். நான் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவைத்த மேசையின் நட்டநடுவில் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை. அதன்மேல் குங்குமம். பதறித் துணியால் துடைத்தேன். சந்தனம் போனது. அது இருந்த இடத்தில் மூன்று கோடும் ஒரு பொட்டும் துருவாக நின்றன.

"என்னங்க! இங்க வாங்க."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

"இதுக்குச் சந்தனம் வெச்சது நீங்களா?"

"ஆமா. நீ குளிக்கப் போனப்ப வெச்சேன்."

"பச்சை இரும்புலயா ஈரத்தை வெப்பாங்க? பாருங்க, துரு ஏறிடுச்சு. என் தோள் போச்சுங்க இதைத் தேய்ச்சு."

அவர் கிட்டே வந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "எனக்குத் தெரியாதே. அழிஞ்சுடுமா?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. "தூக்கிப் போடப்போற சாமானுக்கு எதுக்குங்க பூஜை?"

அவர் துருக்கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "உன் கை போற எடம் லா. வேண்டிக்காம எப்படி விடறது?"

இந்த மனிதர் நாள்கணக்காக இடத்தைப் பற்றியே சண்டை போட்டார். பயந்ததெல்லாம் என் விரலுக்கு. அழுகை வந்துவிட்டது. உப்புத்தாளைப் பாதியாகக் கிழித்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். இஸ்திரி போடாத சட்டையோடு அவரும் உட்கார்ந்து தேய்த்தார். அவர் தேய்த்த விதம் சகிக்கவில்லை, ஆனால் சும்மா இருந்தேன். துரு போனது, கோடுகள் மங்கலாக நிழல்போல மிஞ்சின. அதன்மேலேயே மெழுகு பூசினேன்.

கத்தியைத் தீட்டி மாட்டினேன். மோட்டாருக்குப் புது ஒயர் போட்டேன். கத்தியைச் சுழற்றுகிற பெல்ட் மட்டும் கிடைக்கவில்லை. பழைய அளவு, வரவழைக்க வேண்டும் என்றார்கள். வரவழைத்ததும் சொன்ன நாளில் வரவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது, மிஷின் ஓடவில்லை. கெடுவுக்கு ஒப்புக்கொண்டவள் நான். கெஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

தாழ்வாரத்தில் காராங்குனி அங்கிளின் ஹாரன் கேட்டது. கணவர் பாம் ஷெல்டரைத் திறந்தார். சூட்கேஸ் வெளியே வந்தது. அட்டைப்பெட்டிகள் வந்தன. அவருடைய உடற்பயிற்சி சைக்கிளும் வந்தது. அங்கிள் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். அவ்வளவு இரும்பைப் பார்த்ததும் கண் விரிந்தது. அதுவும்தானே என்று மலாயில் கேட்டார்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

என் கணவர் தமக்குத் தெரிந்த மலாயில், மெதுவாக, ஒரு சிறுவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அது சாமி கும்பிட்ட சாமான். கொடுக்கக்கூடாது.

அங்கிள் தலையசைத்தார். இதைப் போய்க் கேட்டேனே என்பதுபோல மிஷினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சைக்கிளை வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு லிப்ட் பக்கம் போனார்.