புது வெர்ஷன் மேல் போட்ட பழி

விஜயதசமி அன்று காலை எட்டு மணிக்கு முள்ளிப்பட்டிலிருந்து போன் வந்தது. நான் ஆரணியில் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பட்டுச்சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறவள். நான் போடும் டிசைன்படி அட்டைகளில் ஓட்டை குத்தி, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் மாங்காயும் மயிலும் சேலையில் விழும். போன் செய்தவள் கணவனோடு சேர்ந்து வீட்டில் தறி போடுகிற பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, எலி அட்டைய கடிச்சிட்டு கீதுக்கா. முந்தி அட்டை. பதினாலு பூடுச்சி."

ஆயுத பூஜைக்குத் தறிக்கடியில் பொரியும் கடலையும் படைத்திருக்கிறார்கள். மறுநாள்வரை எதையும் தொடக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பொரியைத் தின்ற எலி அட்டையையும் ருசி பார்த்துவிட்டது. உடல் முழுக்க நெய்து, முந்தானை ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் சேலை நிற்கிறது.

"ஃபைல் என்கிட்டதானே கீது, பத்து நிமிஷ வேலை, கடிபட்டத எடுத்துகினு வா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டால் அதன் முகமே வேறாக இருந்தது. ஓரத்தில் இருந்த படங்கள் எல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தன. டிசைன் சாஃப்ட்வேரை அழுத்தினேன். இந்த வெர்ஷனில் இது ஓடாது என்று ஒரு வரி வந்து நின்றது.

அரிசி ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரைப் பிடித்தேன். பூஜைக்கு முந்தின நாள் நான் பூ வாங்கப் போயிருந்தபோது அவர்தான் அப்டேட் கொடுத்திருக்கிறார்.

"அது கேட்டுகினே இருந்துச்சி. எத்தினி வாட்டிதான் அப்புறம் அப்புறம்னு சொல்றது? பாவம்னு ஓகே அமுக்கிட்டேன்" என்றார்.

"கேக்கறவங்களுக்கெல்லாம் தலையாட்ட நீங்க இன்னா பூம்பூம் மாடா?" என்றேன். அவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

என் சாஃப்ட்வேர் பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. அதற்கு லாக் என்று ஒன்று உண்டு. பென்டிரைவ் மாதிரி கட்டைவிரல் அளவுக்கு இருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். இந்த ஊரில் நான் போட்ட அத்தனை டிசைனும் அந்த சாஃப்ட்வேரின் ஃபைலாகத்தான் இருக்கின்றன. வேறு எதுவும் அந்த ஃபைலைப் படிக்காது. அட்டை குத்துகிற கடைக்காரரும் பழைய ஃபைலை வைத்துக்கொள்கிறவர் இல்லை.

பதினோரு மணி பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். மஞ்சள் பையிலிருந்து கடிபட்ட அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். நான் திரையைக் காட்டினேன்.

"முகூர்த்தச் சேலைக்கா. அஞ்சி நாள்ல இறங்கியாவணும். இல்லன்னா அடுத்த பாவு வேற வூட்டுக்குப் போய்டும். நாங்க ரெண்டு பேரும் வெறுந்தறிய பாத்துகினு உக்காந்திருக்கணும்."

பாவு என்பது தறியில் ஏற்றும் பட்டு நூல். அதைக் கொடுப்பவர் முதலாளி. ஒருமுறை கை மாறினால் திரும்பி வருவது லேசில்லை. அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பழைய வெர்ஷனில் ஓடுவதாகவே நினைத்துக்கொள் என்று சாஃப்ட்வேரை ஏமாற்றுவதற்கு கம்ப்யூட்டரிலேயே ஒரு வழி இருக்கிறது. தேடிப் பிடித்து அதைச் செய்தேன். திறக்கிற மாதிரி வந்தது. பிறகு லாக்கைக் காணவில்லை என்றது. லாக் என் கண்ணெதிரே செருகியபடி இருக்கிறது. நான்கு முறை எடுத்துச் செருகினேன், நான்கு முறையும் அதே பதில். சென்னையில் சாஃப்ட்வேர் விற்றவருக்கு போன் செய்தேன்.

"மேடம், அந்தப் பழைய லாக்கை புது வெர்ஷன் எடுக்காது. புதுசா வாங்கிடுங்க" என்றார்.

"புதுசுல என் பழைய ஃபைலு தொறக்குமா?"

"ட்ரை பண்ணிப் பார்க்கலாம் மேடம்."

போனை வைத்துவிட்டேன். ட்ரை பண்ணிப் பார்ப்பதற்கு அது என்ன என் வீட்டு ரசமா?

மறுநாள் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். அவளும் காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். "மொத்தமா அழிச்சிட்டு பழைய வெர்ஷனையே போட்டுடலாம்" என்றார் அவர். என் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். ஆகாது என்று சொன்னார், அதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் சரி என்றேன். வேறு வழி?

தன் பென்டிரைவைச் செருக இடம் வேண்டும் என்று அவர் லாக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். அவள் சும்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இழையோடு இழையைப் பார்த்தே பழகிய கண்.

"அக்கா, இதுக்குள்ள இன்னாது மஞ்சளா?"

வாங்கிப் பார்த்தேன். சந்தனம். பூஜை அன்று மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சோறு போடுவது லாக்தானே என்று அதைத் தனியாகப் பிடுங்கித் தட்டில் வைத்து, இரண்டு விரலால் தாராளமாகச் சந்தனம் அப்பியது நான்தான். அது உள்ளே இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. அதை அப்படியே செருகி வைத்துக்கொண்டு இரண்டு நாளாக ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் தன் பென்டிரைவை மூடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவள் பழைய பல்துலக்கும் பிரஷ் கேட்டு வாங்கி, லாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகத் துடைத்தாள். செருகினேன். அந்தப் புது வெர்ஷனிலேயே, எதுவும் நடக்காதது போல, சாஃப்ட்வேர் திறந்தது. முந்தி டிசைனும் திறந்தது. மயிலின் ஒவ்வொரு கட்டமும் அதன் இடத்தில் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "ஜல்தியா அந்த பதினாலு மட்டும் போட்டுக் குடுக்கா" என்றாள்.

மதியத்துக்குள் அட்டை குத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை கணவர் வந்ததும் "தொறந்துடுச்சி" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "சரி" என்றார். சந்தனத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பூம்பூம் மாடு என்று சொன்ன வாய்தான்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. சேலை இறங்கிவிட்டது. முதலாளி பார்த்துவிட்டு அங்கேயே அடுத்த பாவையும் கொடுத்துவிட்டார். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும் ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? ஏன் கடைசி நாள் வரைக்கும் இழுத்துச்சின்னு முதலாளி கேட்டாரு. பொரிய போட்டு எலிய கூப்ட்டோம்னு சொன்னா பேஜாராய்டும். அதான் உன் கம்ப்யூட்டரு புது வெர்ஷன்ல கெட்டுப்போச்சின்னு உன் மேல போட்டுட்டேன்."

கோபம் வர வேண்டியதுதான். வரவில்லை. "நல்லா சொன்ன போ" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, பொரி, லாக், சந்தனம், முதலாளி. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையில் பிசைந்த சோற்றோடு சிரிக்க ஆரம்பித்தார், புரையேறுகிற அளவுக்கு. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். தன்னால்தான் கெட்டது என்று நினைத்து ஐந்து நாளாக இந்த மனிதர் கம்ப்யூட்டர் இருக்கும் அறைப்பக்கமே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.