சரிங்க என்று சொன்னேன்

கோவை பீளமேட்டில் எங்கள் கல்லூரிக் கூட்ட அறையில் ஏசி ஓடினால் பேச்சு கேட்காது; நிறுத்தினால் உட்கார முடியாது. அங்கிருந்துதான் நாங்கள் ஆப்பிரிக்காவின் சமூக மாற்றத்தை ஆராய்ந்தோம். பொருளாதாரம், வேளாண்மை, பொறியியல், புள்ளியியல், மானிடவியல் என்று ஐந்து துறை. ஐந்து துறை கூடினால் ஐந்து மடங்கு தெளிவு வரும் என்று எண்ணியவர் எங்கள் கூட்டம் ஒன்றிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று.

மானிடவியல் என் துறை. கென்யாவில் ஒரு வறண்ட கிராமத்துக்கு நம்மூர் மோட்டார் பம்பு போய்ச் சேர்ந்த பிறகு அங்கே வாழ்க்கை எப்படி மாறியது என்பதே ஆய்வு. அந்த ஊரில் பிறந்த ஆய்வாளர் ஒருவர் நைரோபியிலிருந்து எங்களுடன் வேலை செய்தார். பெண்களிடம் என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். முதலில் பேசியது அவருடைய அம்மா.

“தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்டது. ஆற்றுக்குப் போகிற வழியில்தான் மனசில் இருப்பதைக் கொட்டுவேன். இப்போது யாரிடம் பேசுவது?”

மொழிபெயர்த்துக்கொண்டே வந்த மகன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அதுவரை அவருக்கே தெரியாதாம். அந்தப் பெண்களின் பேச்சுதான் எங்கள் ஆய்வுப் புத்தகத்தில் என் அத்தியாயம். பொருளாதார அட்டவணையில் அதே தண்ணீர் ‘மிச்சமான நேரம்’ என்று ஒரே வரியில் முடிந்திருந்தது.

கடைசிக் கூட்டத்தில் நைரோபி நண்பர் திரையில் இருந்தார். திட்டத் தலைவர் எங்கள் பொருளாதாரப் பேராசிரியர். அன்னூர்க்காரர், அதிர்ந்து பேசமாட்டார். ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மேடம், பக்கம் ஜாஸ்தியாப் போச்சுங்க. உங்க சேப்டர எடுத்துப்போட்டு, முன்னுரைல ரெண்டு வரியாச் சேத்துக்கலாமுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க.”

சண்டை போட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். இவ்வளவு மரியாதையாகக் கழுத்தை அறுத்தால் என்ன செய்வது? மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரிங்க” என்றேன்.

மாலையில் நண்பர் கூப்பிட்டு, தலைவர் தமிழில் என்ன கேட்டார், நான் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்றார். தலைவர் கேட்டதைச் சொன்னேன். சொல்லுக்குப் பொருள் சொல்வதுதான் சிக்கல். எங்கள் பக்கம் ‘சரிங்க’ பாதி நேரம் சம்மதமே இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். என் மாமியார் சொல்வதற்கெல்லாம் சரிங்க போட்டுவிட்டு என் இஷ்டப்படிதான் சமைத்துவருகிறேன். இதைக் கேட்டுச் சிரித்தார்.

“அப்படியானால் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை! நாளைக்கே இருவரும் சேர்ந்து அவருக்கு எழுதுவோம்.”

அவர் குரலில் இருந்த தெம்பு என்னிடம் இல்லை. அலுத்துவிட்டது. எழுதினால் இன்னொரு கூட்டம், இன்னொரு விளக்கம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“இல்லை, இந்த முறை ஒப்புக்கொண்டுதான் சொன்னேன்.”

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிறகு, “ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். புத்தகம் எப்போது வரும் என்று அம்மா கேட்பாள். அவள் பேச்சு அதில் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்களா?” என்றார்.

கூட்டத்தில் வாயில் வராத ‘முடியாது’ அப்போது சட்டென்று வந்தது.