வெள்ளைச் சட்டைக்காரன் படுக்க மாட்டான்

யாரும் நம்பப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கதையை, நெஞ்சில் கைவைத்து இங்கே சொல்லப்போகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சபை வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: ‘பம்மல் ரூபன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ பழைய ஜீப்புகளை வாங்கி விற்ற நம் ரூபன் அண்ணன்தான். தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் வரை அவரிடம் ஏமாறாத குடும்பம் ஒன்று உண்டென்றால், அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது என்று பொருள்.

அவரை அறிந்த பெருமக்களே, அவருடைய தொழில் ரகசியத்தை இனி வெளியிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் வண்டி காட்டுவார், அதுவும் ஆராதனை முடிந்த கையோடு. “ஏண்ணா, மத்த நாள்ல வண்டிக்கு லீவா?” என்று ஒருமுறை கேட்டேன். “வெள்ள சட்டக்காரன் குனிவான், ஆனா படுக்க மாட்டான். படுத்தாத்தானப்பா அடி தெரியும்?” என்றார். வேதவாக்கு! வந்தவர்கள் இஞ்சின் சத்தம் கேட்பார்கள், சீட்டை அமுக்குவார்கள், டயரை உதைப்பார்கள். ஒருவரும் மண்ணில் மல்லாந்து அடியைப் பார்த்ததில்லை. அங்கே துருவின் மேல் அவர் அப்பியிருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தால் பம்மலிலிருந்து பொத்தேரி வரை நால்வழிச் சாலை போடலாம்.

என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் பால்ராஜ், ரிட்டையர் ஆன மறுமாதமே ஆஃப் ரோடு ஜீப் வேண்டும் என்று குதித்தார். “தாம்பரத்துல மலை ஏது மச்சான்?” என்றேன். “மழைக்கு முடிச்சூர் ரோட்ட பாத்திருக்கியா நீ? அதுக்கு இதான் வண்டி” என்றார். அந்த ஞாயிறே வேதாகமமும் கையுமாக மூவரும் பம்மல் போனோம். ரூபன் அண்ணன் பானெட்டைத் தட்டினார். “யானை சார் இது. மேல நாலு பேர், கீழ நாலு சக்கரம், இன்னா வோணும்?” அன்று மத்தியானமே யானை வீட்டுக்கு வந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு வேகத்தடை. வண்டி ஏறியது, இறங்கியது. முன்சீட்டுக்குக் கீழிருந்த தகடு மட்டும் இறங்கியே போயிற்று, ஸ்டெல்லாவின் வலது காலோடு. பால்ராஜ் கவனிக்காமல் ஒன்பது கிலோமீட்டர் ஓட்டினார், இவளும் ஒற்றைக் காலால் கூடவே ஓடி இரண்டு ஷேர் ஆட்டோக்களை முந்தினாள் என்று கல்யாண வீடுகளில் நான் சொல்வதுண்டு. நன்றாகச் சிரிப்பார்கள். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தவள், கணுக்கால் நொறுங்கிய பிறகு மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுகிறாள்.

நியாயம் கேட்கப் போன பால்ராஜுக்கு ரூபன் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். “இன்னாத்துக்கு சார் பேஜார் பண்றே? ஆஃப் ரோடு வண்டின்னு சொல்லித்தானே குத்தேன்? நீ ஏன் அத்த ரோட்ல ஓட்னே?”

ஸ்டெல்லாவோ விடவில்லை. ஆராதனையில் எல்லோரும் கைகுலுக்கி, “சமாதானம் உங்களோடிருப்பதாக” என்று சொல்லும் நேரத்தில், ஊன்றுகோலோடு நான்கு வரிசை தாண்டிப் போய் அவர் காதில், “நீ விளங்கவே மாட்டே” என்பாள். அவர் பணிவாகத் தலை தாழ்த்தி, “உங்களோடும் இருப்பதாக, சிஸ்டர்” என்பார். ஒரு வாரம்கூட இருவரும் தவறவிட்டதில்லை.

அடக்கத்துக்கும் வந்தாள். ஃப்ரீசர் பெட்டியில் வெள்ளைச் சட்டையோடு அவர் படுத்திருந்தார். அவள் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தாள். “என்னம்மா தேடுற?” என்றேன். “கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்களான்னு பாக்குறேண்ணா. தூக்கிட்டுப் போறப்ப பாதி வழியில கீழ வுழுந்துடப் போறான்.” அவர் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய மௌனத்தை. ஜீப் பார்த்த அன்று, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நான் குத்துக்காலிட்டு, கதவுக்குக் கீழே கைவிட்டுத் தகட்டை அமுக்கினேன். இரண்டாவது கணு வரை விரல் உள்ளே போயிற்று. ரூபன் அண்ணன் பார்த்துவிட்டார். “என்ன மச்சான், எப்படி?” என்று பால்ராஜ் கேட்டார். இருபது கிறிஸ்துமஸ் விருந்துகளில் என்னைக் கையாலாகாதவன் என்று எல்லோர் முன்னாலும் சிரித்த வாய் அது. அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். “இரும்பு மச்சான், கண்ண மூடிட்டு எடு” என்றேன். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார் என்று யோசிக்கவில்லை.

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டெல்லாவிடம், “உங்க அண்ணனையும் கேளும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பங்குச் சாபத்தையும் அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டெல்லா, நீ இதைப் படிப்பாய். மேலே உள்ளதில் நால்வழிச் சாலை முதல் ஷேர் ஆட்டோ வரை எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு, உன் அண்ணன் புளுகன்தான். விரல் உள்ளே போனது மட்டும் நிஜம்.